நக்கவாரத்துப் பொழிலும் தரங்கம்பாடித் தோட்டமும்

முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, கடல் கடந்து சென்ற அவனது படை வென்ற ஊர்களை ஒவ்வொன்றாக அடுக்கிக் கூறுகிறது. தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டில் உள்ள இப்பகுதியை ஹூல்ச் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் பதிப்பித்தார். அதன் பின்னர் அறிஞர் பலரும் அவ்வூர்கள் இன்றைய எவ்விடங்கள் என்று காண்பதிலேயே பெரிதும் முனைந்தனர். ஊர்ப்பெயர்களுக்கு முன் நிற்கும் அடைகள் அத்துணைக் கவனம் பெறவில்லை. அவ்வடைகளை வரிசையாக நோக்கின் ஓர் உண்மை புலனாகும். ஸ்ரீவிசயத்துக்கு வாயிலும் கதவும் சொல்லப்படுகின்றன. பண்ணைக்கு நீர்த்துறை, மலையூருக்கு மலைமேல் அமைந்த அரண், மாயிருடிங்கத்துக்கு அகழியாய்ச் சூழ்ந்த ஆழ்கடல், மேவிலிம்பங்கத்துக்கு மதில், இலாமுரிதேசத்துக்குப் போராற்றல். இவ்வாறு பெரும்பாலும் அரணும் ஆற்றலுமாகவே செல்லும் பட்டியலில், ‘மாநக்கவாரம்’ ஒன்றுக்கு மட்டும் தேன் நிறைந்த நெடிய பொழில் அடையாகிறது. அங்கே மதில் இல்லை, வாயில் இல்லை, படையும் இல்லை.

மாநக்கவாரம் என்பது நிக்கோபார்த் தீவுகளே என்பது பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட முடிபு. ஆயினும் மெய்க்கீர்த்திப் புலவர் அத்தீவுகளை நேரிற் கண்டு பாடினார் என்று கொள்வதற்கில்லை. அடையின் சொற்சேர்க்கையே ஊர்ப்பெயரின் ஒலியை ஒருமுறை முன்னோட்டமாக ஒலித்துவிடுகிறது. ஓசை நயத்தின் பொருட்டே பொழில் அங்கு வந்தது என்று ஒருவர் வாதிட்டால் அதனை எளிதில் மறுத்துவிட இயலாது. எனினும் ஓசைக்கு இசைந்த சொல் பொருளுக்கும் இசைந்திருத்தல் கூடும். கல்வெட்டுக்கு மூன்றரை நூற்றாண்டு முன்னர், 7ஆம் நூற்றாண்டில் கடல்வழி இந்தியா நோக்கி வந்த சீனப் பயணி இத்சிங், ஆடையற்ற மக்களின் நாடொன்றைக் குறிப்பிடுகிறார். அந்நாட்டவர் தேங்காயும் வாழைப்பழமும் கொண்டுவந்து கப்பலோரிடம் இரும்புக்கு மாற்றினர் என்பது அவர் தரும் செய்தி. அந்நாட்டையும் ஆய்வாளர் நிக்கோபார் என்றே கருதுகின்றனர். வங்கக் கடலில் சென்ற மாலுமிகளுக்கு அத்தீவுகள் மரக்கனியும் குடிநீரும் தரும் இடமாகவே அறிமுகமாகியிருந்தன. அச்செய்தி நாகப்பட்டினத்துத் துறைக்கு எட்டாதிருந்திருக்க முடியாது.

2024ஆம் ஆண்டு செப்டம்பரில் போர்ட் பிளேயர் நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டபோது, சோழரின் கடற்படைத் தளமாக இத்தீவுகள் விளங்கின என்ற கூற்று பரவலாக எழுந்தது. மெய்க்கீர்த்தி அவ்வளவு சொல்லவில்லை. கொண்ட இடங்களின் பட்டியலில் நக்கவாரம் ஒன்று என்பதும், அது பொழிலுடையது என்பதுமே அதன் வாக்குமூலம். பொழில் என்னும் சொல் சோலையைக் குறிப்பதோடு உலகம், நாட்டின் பகுதி என்னும் பொருள்களிலும் பழந்தமிழில் ஆளப்படும். இவ்விரு பொருளுக்கும் இடையே நிக்கோபாரின் வரலாறு பலமுறை தடுமாறியிருக்கிறது. தீவினரின் பொழிலைக் கண்டும் அதனைத் தோட்டமென்று கொள்ளாத ஒரு முயற்சி, 18ஆம் நூற்றாண்டில் தமிழ்க் கரையிலிருந்தே புறப்பட்டது.

சகோதரர் தோட்டம்

தரங்கம்பாடி காவிரிப் படுகையின் கடைமடையில், உப்பனாறு கடலோடு சேரும் இடத்தில் அமைந்தது. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடமிருந்து டேனியர் இதனைப் பெற்றனர். இன்று அங்குச் செல்வோர் டான்ஸ்போர்க் கோட்டை, 1701இல் எழுந்த சீயோன் ஆலயம், 1718இல் கட்டப்பெற்ற புதிய எருசலேம் ஆலயம், 1792 என்னும் ஆண்டைத் தாங்கிய நகரவாயில் ஆகியவற்றைக் காண்பர். சீகன்பால்குவின் அச்சகமும் தமிழ்ப்பணியும் தமிழுலகம் நன்கறிந்தவை. நகரவாயிலுக்கு வெளியே நாட்டுப்புறத்தில் ஒரு தோட்டம் இருந்தது என்பதும், அதன் பெயர் சகோதரர் தோட்டம் என்பதும், அது நிக்கோபாருக்காகவே உண்டாக்கப்பட்டது என்பதும் அவ்வளவாக அறியப்படாதவை.

டேனிய ஆசியக் கம்பெனி தரங்கம்பாடியிலிருந்து ஒரு குழுவை அனுப்பி, 1756 சனவரி முதல் நாளன்று பெரிய நிக்கோபாரைத் தனதாக்கிக்கொண்டது. தீவுகளுக்கு மன்னர் பிரெடரிக்கின் பெயரும் சூட்டப்பட்டது. பெயர் நிலைத்த அளவுக்கு மனிதர் நிலைக்கவில்லை. காய்ச்சல் குடியேற்றத்தைக் கலைத்தது. 1760இல் கமோர்ட்டாவுக்கு இடம் மாற்றியும் பயன் விளையவில்லை. இந்நிலையில் தீவுகளில் தங்கி உழைக்கவும் சமயம் பரப்பவும் மொரேவியச் சகோதரர் என்னும் சபையார் டேனிய அரசால் அழைக்கப்பட்டனர். மொரேவியா, பொகீமியா நாடுகளிலிருந்து அகதிகளாய் வந்தோர் 1722இல் செருமனியின் ஹெர்ன்ஹூட் என்னும் இடத்தில் சின்சென்டார்ப் பிரபுவின் நிலத்தில் குடியேறி உருவாக்கிய சபை அது. அவர்கள் பெரும்பாலும் கைவினைஞர். தச்சு, தையல், செருப்புத் தைத்தல், ரொட்டி சுடுதல் போன்ற தொழில்களால் தம் செலவைத் தாமே ஈட்டிக்கொண்டு சமயப்பணி செய்வது அவர்தம் முறை.

1760 சூலையில் 14 பேர் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். நிக்கோபாருக்குச் செல்ல அப்போது வழியில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கிருந்த ஹால்லே சபைக் குருமார் இவர்களை வரவேற்கவும் இல்லை. தீவுக்கென வந்தவர்கள் தீவுக்கே செல்லட்டும், இங்குள்ள தமிழரிடையே பணி செய்தல் கூடாது என்பது ஹால்லேயாரின் நிலைப்பாடு. இரு திசையிலும் வழி அடைபட்ட நிலையில், சகோதரர்கள் நகருக்கு வெளியே நிலம் வாங்கினர். வீடும் பட்டறைகளும் எழுந்தன, பயிரும் விளைந்தது. செருமன் மொழியில் அதற்குச் சகோதரர் தோட்டம் என்று பெயர்.

தோட்டம் என்றதும் பூஞ்செடியும் நிழற்பாதையும் நினைவுக்கு வரலாம். அது அத்தகையது அன்று. அக்காலச் சென்னையில் கோட்டைக்கு வெளியே ஐரோப்பியர் அமைத்த தோட்டவீடுகள் செல்வத்தின் அடையாளம். ஓய்வுக்கும் விருந்துக்கும் உரியவை. சகோதரர் தோட்டமோ உழைப்புக் கூடம். அங்கே செய்யப்பட்ட பொருள்கள் நகரில் விலைபோயின. அவ்வருவாயே, பின்னர் அமையவிருந்த தீவுக் குடியிருப்பின் முதலீடு. கடலுக்கு அப்பால் உள்ள ஒரு கனவை நோக்கி, உப்பங்கழி நாட்டில் எட்டாண்டுகள் காத்திருந்த தோட்டம் அது எனலாம்.

நான்கௌரியில்

1768இல் வழி திறந்தது. கமோர்ட்டா, நான்கௌரி, டிரிங்கெட் என்னும் மூன்று தீவுகளுக்கு இடையே இயற்கையாய் அமைந்த துறைமுகத்தின் கரையில், நான்கௌரித் தீவில் சகோதரர் குடியேறினர். காட்டை வெட்டினர், வீடு கட்டினர், நிலத்தைப் பண்படுத்தினர். தரங்கம்பாடித் தோட்டத்தின் ஒரு கன்று அங்கே நடப்பட்டது என்றே சொல்ல வேண்டும். ஆனால் அக்கன்று தன் வேரில் நிற்கவில்லை. உணவும் துணியும் கருவிகளும் தரங்கம்பாடியிலிருந்தே வரவேண்டியிருந்தன. டேனியரின் ஆதரவு சில ஆண்டுகளில் தளர்ந்தது. கப்பல் வராத ஆண்டில் குடியிருப்பு கடல் பார்த்துக் கிடந்தது. ஐரோப்பிய அரசுகளின் போர்கள் வங்கக் கடலுக்கும் வந்தபோது அவ்வழி மேலும் அரிதாயிற்று.

இக்குடியிருப்பைப் பற்றி நாம் அறிவனவற்றுள் பெரும்பகுதி யொகான் காட்பிரைட் ஹென்சல் என்பவரால் கிடைத்தது. ஏழாண்டுகள் தீவில் வாழ்ந்த அவர், முதுமையில் லட்ரோப் என்னும் குருவுக்கு எழுதிய கடிதங்கள் 1812இல் இலண்டனில் ஆங்கில நூலாக வெளிவந்தன. அப்போது நிக்கோபார்ப் பணியாளருள் எஞ்சியிருந்தவர் அவர் ஒருவரே என்பதை நூலின் முகப்பே சொல்கிறது. 1787இல் குடியிருப்பு கைவிடப்பட்டது. அதுவரை நான்கௌரியில் இறந்தோர் 11 பேர். நோயுடன் தரங்கம்பாடிக்குத் திரும்பிச் சில காலத்தில் இறந்தோர் 13 பேர். தீவின் கல்லறைக்கு நிகராகத் தோட்டத்துக் கரையும் உயிர்களை வாங்கியது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

ஹென்சலின் கடிதங்களில் தமிழ் ஆய்வாளர் கருத வேண்டிய செய்தி வேறொன்றும் உண்டு. செலவை ஈடுகட்ட அவர் பாம்புகளையும் சங்கு, சிப்பி முதலியவற்றையும் திரட்டி, ஐரோப்பிய அருங்காட்சிச் சேகரிப்பாளருக்கு விற்பனையாகும் வகையில் அனுப்பினார். இது தனி ஒருவரின் பொழுதுபோக்கு அன்று. சகோதரர் நான்கௌரிக்குச் சென்ற அதே 1768இல் லின்னேயசின் மாணவரான யொகான் கெர்ஹார்ட் கோனிக் ஹால்லே சபையின் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். சமயத்தால் பிணங்கிநின்ற இரு சபையாரின் ஊரில் செடியும் சிப்பியும் பொதுப்பொருளாயின. இவ்வூரிலிருந்து சென்ற மாதிரிகள் ஐரோப்பியத் தாவரவியலுக்குப் பெருந்துணை புரிந்தன. மொரேவியப் பணியாளராகத் தரங்கம்பாடிக்கு வந்த பெஞ்சமின் ஹெய்ன் பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகி, திப்பு சுல்தான் வீழ்ந்த 1799க்குப் பின் பெங்களூர் லால்பாக்கின் பொறுப்பையும் ஏற்றார். சகோதரர் தோட்டம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு மறைந்தது. அதன் கிளை ஒன்று லால்பாக்கின் வரலாற்றில் ஒட்டிக்கொண்டது.

நான்கௌரியில் தோட்டம் ஏன் பொய்த்தது? காய்ச்சல் என்பது நேரான விடை. ஆனால் காய்ச்சலை அக்காலத்தார் புரிந்துகொண்ட முறை கருதத்தக்கது. அடர்ந்த காட்டின் அழுகிய இலைகளிலிருந்து எழும் கெட்ட காற்றே நோய் தருகிறது என்பது 18ஆம் நூற்றாண்டு மருத்துவக் கொள்கை. அக்கொள்கைப்படி காட்டை வெட்டுவது மருந்து; தோட்டம் நோய்க்காப்பு. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை உரோனால்டு இராஸ் 1897இல் நிறுவினார். அந்தமானில் ஆய்வு செய்த கிரிஸ்டோபர்ஸ் 1912இல் வெளியிட்ட அறிக்கை, அங்கு நோய் பரப்பும் கொசு கடலோர உவர்நீர்த் தேக்கங்களில் பெருகுவது என்றும், காய்ச்சல் உவர்ச் சதுப்பை ஒட்டிய குடியிருப்புகளிலேயே மிகுதி என்றும் காட்டியது. நிக்கோபாரிலும் அதே வகைக் கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது. எனவே காட்டைக் குற்றம் சாட்டிய குடியேறிகள் வாழ்வதற்குத் தேர்ந்த துறைமுகக் கரையே அவர்களுக்குக் கூற்றாயிருந்தது என்று கருத இடமுண்டு.

தாழை

காய்ச்சல் ஒருபுறமிருக்க, கப்பலை எதிர்நோக்கிப் பசித்திருந்த குடியிருப்பைச் சுற்றிலும் உணவுத் தோட்டங்கள் இருந்தன என்பதே இவ்வரலாற்றின் முரண். நிக்கோபார் மக்கள் நெல் விளைவித்தவர் அல்லர். தென்னையும் வாழையும் கிழங்கும், அவற்றினும் மேலாகத் தாழையினத்து மரமொன்றும் அவர்தம் உணவு. அம்மரத்தின் பெருங்கனியை வேகவைத்து, நாரிலிருந்து சதையைச் சிப்பியால் சுரண்டி, எஞ்சிய நாரையும் நீக்கி, பெண்கள் அதனைத் திரட்டி உருண்டைகளாக்குவர். அவ்வுருண்டை சில நாட்கள் கெடாது. போர்த்துக்கீசியர் இதனை மெல்லோரி என்றனர். நடு நிக்கோபார் மொழியில் இதன் பெயர் லாரோம்.

1778இல் ஆஸ்திரியக் கப்பலொன்றில் மருத்துவராக வந்த நிக்கோலஸ் ஃபொந்தானா இக்கனியைப் பற்றி எழுதிய கட்டுரை, கல்கத்தாவின் ஆசியவியல் ஆய்வுகள் மூன்றாம் தொகுதியில் இடம்பெற்றது. அக்கனியின் வரைபடத்தை மட்டும் கொண்டு சர் வில்லியம் ஜோன்ஸ், இது வடமொழியில் கேதகி எனப்படும் இனத்தைச் சார்ந்தது எனத் துணிந்தார். தரங்கம்பாடிக் கோனிக் அவ்வினத்தை விவரித்த முறை செம்மையானது என்று பாராட்டவும் அவர் தயங்கவில்லை. இன்றளவும் அம்மரத்தின் தாவரவியற் பெயரான பண்டானஸ் லேரம் என்பதில் தீவினரின் சொல் வாழ்கிறது. ஐரோப்பியர் சூட்டிய மன்னர் பெயர் மறைந்தது; தீவுப் பெண்கள் சமைத்த கனியின் பெயர் நின்றது.

கேதகி தமிழுக்குத் தாழை, கைதை. நெய்தல் திணையில் மணத்துக்கும் மலருக்கும் உரியதாய், கடற்கரைப் பிரிவின் துணையாய் வரும் தாழையை நம் புலவர் உணவாகப் பாடியதில்லை. அதன் நெருங்கிய உறவான மரம் கிழக்கே கடலுக்கு அப்பால் ஓர் இனத்தின் முதன்மை உணவு. இதற்கு மேலும் ஒரு வியப்பு உண்டு. தாழை என்னும் சொல் தமிழில் தெங்கையும் குறிக்கும். நிக்கோபாரைத் தாங்கிய இரு மரங்களும் ஒரே தமிழ்ச்சொல்லுள் அடங்குகின்றன. இதனைக் கொண்டு வரலாற்று முடிபு எதுவும் கூறுவதற்கில்லை. சொல்லாய்வாளர் மனங்கொள்ளத்தக்க ஒரு பொருத்தம் என்ற அளவில் அமைக.

தீவினரின் மரங்களைக் குடியேறிகள் அறியாதவரல்லர். ஹென்சல் நூலின் தலைப்பிலேயே தீவின் இயற்கை விளைபொருள்கள் இடம்பெறுகின்றன. குறை அறிவில் இல்லை. தோட்டம் என்பதற்கு அவர்கள் கொண்ட இலக்கணத்தில் இருந்தது. காடு அகற்றப்பட்டு, வேலி சூழ்ந்து, வரிசைப்பட்டது தோட்டம். காட்டோடு கலந்து நின்றது காடு. தென்னை ஒவ்வொன்றுக்கும் உரிய குடும்பம் உண்டென்பதும், விலக்கு விதிக்கப்பட்ட மரத்தில் அதற்கான அடையாளம் கட்டப்படும் என்பதும், அக்குறி கண்டவர் காயைத் தொடார் என்பதும் வேலியினும் வலிய வேலிகள். தீவுகளில் ஆட்சி செலுத்திய காலத்தில் எட்வர்டு ஹொராஸ் மேன் இவ்வழக்கங்களைத் திரட்டியபோதுதான் ஐரோப்பிய எழுத்தில் இவை தெளிவுபெற்றன. அதற்குள் டேனியர் 1868இல் தம் உரிமையைக் கைவிட்டனர். ஆங்கிலேயர் 1869இல் கமோர்ட்டாவில் கைதிகள் குடியிருப்பை நிறுவினர். அதனையும் 1888இல் மூடினர்.

ஆற்றங்கரைத் தோட்டங்களைக் காண விழைவோர் இன்னும் தெற்கே செல்ல வேண்டும். நிக்கோபாரில் வற்றாத ஆறுகள் பெரிய நிக்கோபாரில்தான் உள்ளன. அவற்றுள் தெற்கு நோக்கிப் பாய்வது கலத்தியா. 1845 முதல் 1847 வரை உலகைச் சுற்றிவந்த டேனியக் கப்பலின் பெயர் அது. அக்கப்பலின் தலைவர் ஸ்டீன் பில்லே 1846இல் இத்தீவில் இறங்கி, உள்நாட்டில் வாழும் சோம்பென் மக்களைக் கண்டார். அம்மக்களைச் சந்தித்த முதல் வெளியார் அவரே எனப்படுகிறது. தரங்கம்பாடி அதற்கு முந்திய ஆண்டே ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டுவிட்டதால், இம்முறை வந்த டேனியருக்குப் பின்னால் தமிழ்க் கரையில் எந்தத் தோட்டமும் இல்லை. வேட்டையாடியும் உணவு திரட்டியும் வாழ்பவர் என்றே சோம்பென் பொதுவாகச் சுட்டப்படுவர். ஆயினும் காட்டினூடே தாழைத் தோட்டங்களைப் பேணுதலும் அவர்தம் வாழ்வின் பகுதியாகும். மெய்க்கீர்த்தியின் பொழிலுக்கு நேர்ப்பொருள் காண வேண்டின், ஆற்றையும் காட்டையும் பிரிக்காது நிற்கும் அத்தோட்டங்களையே சுட்டலாம்.

கச்சால்

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை தரங்கம்பாடியையும் நிக்கோபாரையும் ஒரே காலையில் தாக்கியது. தீவுகளில் நிலமே தாழ்ந்தது. இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது. கடலோரத் தென்னந்தோப்புகளும் தாழை மரங்களும் உவர்நீரில் பட்டுப்போயின. மிகுந்த உயிரிழப்புக்கு ஆளான தீவுகளுள் ஒன்று, நான்கௌரிக்கு மேற்கே உள்ள கச்சால்.

கச்சாலுக்குத் தமிழ் வரலாற்றில் தனித்த இடம் உண்டு. 1964ஆம் ஆண்டின் சிரிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய தமிழருள் சில குடும்பங்கள், 1970களில் இத்தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. மலையகத் தமிழில் தோட்டம் என்பது பெருநிலப் பயிர்த்தொழிற் களம். அங்கு வாழ்வோருக்கு அதுவே ஊரும் முகவரியும். இத்சிங்கும் மெய்க்கீர்த்திப் புலவரும் தொலைவிலிருந்து அறிந்த தீவுக்கூட்டத்தில் தமிழர் வேர்கொண்டது, படையெடுப்பாலும் அன்று, சமயப்பணியாலும் அன்று. ஒரு நூற்றாண்டுக்கு மேல் தேயிலையில் உழைத்துப் பின் நாடற்றோராக்கப்பட்டவர்கள், பிறிதொரு மரத்தின் பாலை வடிக்க வந்ததாலேயே அது நேர்ந்தது. சகோதரர் தோட்டத்தைப் போலவே அவர்கள் தோட்டமும் அரிசிக்குக் கப்பலை நம்பியிருந்தது. அருகே நிக்கோபார் மக்களின் தென்னையும் தாழையும் இருந்தன.

ரப்பர்த் தோட்டத்தை நடத்திய அந்தமான் நிக்கோபார் வன மற்றும் தோட்ட வளர்ச்சிக் கழகத்தை மூடுவதற்கு நடுவண் அமைச்சரவை 2017இல் ஒப்புதல் அளித்தது. சகோதரர் தோட்டத்து ஆவணங்கள் ஹெர்ன்ஹூட்டில் காக்கப்படுகின்றன. டேனியக் குடியேற்றத்தின் ஏடுகள் கோபன்ஹேகனில் உள்ளன. கச்சாலில் ரப்பர் வடித்த முதல் தலைமுறையினரோ முதுமையை எய்திவிட்டனர். அவர்களின் பேச்சுத்தமிழில் மலையகச் சொற்களோடு நிக்கோபார்ச் சொற்கள் எவையெவை கலந்தன, தாழைக்கனியை அவர்கள் எப்பெயரால் அழைத்தனர் என்பனவற்றைப் பதிவுசெய்யும் களப்பணி, அத்தலைமுறை இருக்கும்போதே தமிழ்த் துறைகள் மேற்கொள்ளவேண்டிய ஒன்றாகும்.